இரண்டு முறை கேட்ட குரல்

1

படகில் குடியிருப்பவனுக்குப் பொங்கல் மறந்துபோகலாம், படிவம் மறக்காது. இங்கே செஷல்ஸ் தீவுகளில் வெளிநாட்டுப் படகை நிறுத்தி வைக்க வருடத்துக்கு ஒருமுறை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். நேற்றுக் காலை துறைமுக அலுவலகத்துக்குப் போயிருந்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மையாருக்கு என்னை நன்றாகத் தெரியும். 'கொல்லிமலை' என்ற என் படகின் பெயரை அவர் தப்பாக எழுத, நான் திருத்த, அவர் சிரிக்க, இது மூன்று வருடமாக எங்களுக்குள் ஒரு வழக்கம். படகில் எத்தனை பேர்? ஒருவர். எலி உண்டா? இல்லை. வழியில் யாருக்காவது காய்ச்சல் கண்டதா? யாராவது இறந்தார்களா? தனி ஆளாக வந்து எதிரில் நிற்பவனிடம் யாராவது இறந்தார்களா என்று கேட்கும் காகிதத்தைப் பார்த்து முதல் வருடம் வாய்விட்டே சிரித்திருக்கிறேன்.

நேற்று அவர் வேலையைச் சுருக்கப் பார்த்தார். போன வருடப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து நிரப்பினார். கடைசிக் கேள்வி, பயணத்தில் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டிய சம்பவம் எதுவும் நடந்ததா என்பது. போன வருடப் படிவத்தில் என் கையெழுத்தில் 'இல்லை' என்று இருந்தது.

"அதே பதில்தானே?" என்று கேட்டுக்கொண்டே பேனாவைக் கொண்டுபோனார்.

கொஞ்சம் பொறுங்கள் என்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு ஜெர்மானியர் தொண்டையைச் செருமினார். இந்த வருடம் நான் பக்கத்துத் தீவுக்கும் இங்கேயுமாகத்தான் போய்வந்திருக்கிறேன், சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த வருடத்துக்கு அந்தப் பதில் சரிதான். போன வருடத்துக்கு அது பொய்.

அந்தப் பொய்யைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடல் வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதுங்கள், சூரிய உதயம், டால்பின் என்று ஊரிலிருந்து கேட்கும் நண்பர்கள் என்னை மன்னிக்க வேண்டும். டால்பின் நிறைய இருக்கிறது. அதைப் பற்றி வேறு யாராவது எழுதுவார்கள்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காக: பெயர் செல்வராசு, ஊர் திருச்செங்கோடு பக்கம். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை பிறந்தால் பெயர் வைக்கும் முன்பே போர் போடும் ரிக் வண்டியில் இடம் போட்டுவிடுவார்கள் என்று கேலி செய்வார்கள். நானும் அப்படிப் போனவன்தான். என் மனைவி சரசுவின் அண்ணன் ராமசாமியும் நானும் கூட்டாக இருபத்திரண்டு வருடம் ஆழ்துளைக் கிணறு போட்டோம். முதலில் சேலம், நாமக்கல். பிறகு ஆந்திரா, மத்தியப் பிரதேசம். கடைசியில் வண்டிகளைக் கப்பலில் ஏற்றிக் கென்யாவுக்கு அனுப்பினோம். மச்சான் ஊர்த் தொழிலைப் பார்த்துக்கொண்டார், நான் ஆப்பிரிக்காவைப் பார்த்துக்கொண்டேன்.

கென்யாக் கடற்கரையில் கிலிஃபி என்று ஒரு ஊர். வண்டியின் கம்ப்ரசருக்கு ஒரு பாகம் வர வேண்டியிருந்ததால் மூன்று வாரம் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தேன். தொழில் செய்பவனுக்குச் சும்மா இருப்பது எவ்வளவு ஆபத்து என்பது அப்போது தெரியாது. அங்கே நின்ற பாய்மரப் படகு ஒன்றில் ஒரு பிரெஞ்சுத் தம்பதி என்னை ஒருநாள் ஏற்றிக்கொண்டு போனார்கள். கழிமுகத்தைத் தாண்டியதும் அந்த மனிதர் எஞ்சினை நிறுத்தினார். படகு போய்க்கொண்டே இருந்தது. சத்தமே இல்லை. இருபத்திரண்டு வருடம் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்றவன் நான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உப்புக்காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு நடந்ததை ஊரே பேசி முடித்துவிட்டது. நாற்பத்தேழு வயதில் என் பங்கை மச்சானிடமே விட்டுவிட்டு, பழைய படகு ஒன்றை வாங்கி, இரண்டு வருடம் பாய் கட்டக் கற்றுக்கொண்டேன். செல்வராசு கப்பல் வாங்கிவிட்டான் என்று பாதிப்பேர், கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மீதிப்பேர். சரசு ஒரே ஒரு முறை வந்தாள். மொம்பாசாவிலிருந்து சான்சிபார் வரைக்கும் வாந்தி எடுத்துவிட்டு, இறங்கியதும் சொன்னாள்.

"நீங்க போங்க, வேண்டாங்கல. தண்ணியில்லாத ஊருல பொறந்தவ நானு. எனக்கு இத்தன தண்ணி ஆகாதுங்க."

அவள் திருச்செங்கோட்டு வீட்டில் இருக்கிறாள். வருடத்தில் இரண்டு மாதம் நான் போகிறேன். மகள் நித்யா மெல்போர்னில். அவள் பையன் என்னைத் தாத்தா என்று கூப்பிடுவதில்லை, 'கேப்டன்' என்கிறான். ஆரம்பத்தில் பெருமையாக இருந்தது. அவனுக்குத் தமிழில் தெரிந்த உறவுமுறைகள் இரண்டே என்று பிறகுதான் புரிந்தது. அதில் நான் இல்லை.

3

என் காதுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிக் வண்டியில் வேலை செய்த யாருடைய காதும் முழுதாக இருக்காது. காது மந்தமாவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இரைச்சலுக்குள்ளே குரல் கேட்க ஆரம்பிக்கும். கம்ப்ரசர் ஓடும்போது யாரோ உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். எங்கள் டிரில்லர் மணியண்ணனுக்கு அவருடைய செத்துப்போன அப்பா கூப்பிடுவது கேட்குமாம். எனக்குச் சரசு கூப்பிடுவதுபோல் கேட்கும்.

பனமரத்துப்பட்டி ஏரிக்கு மேற்கே ஒரு காட்டில் போர் போட்டுக்கொண்டிருந்தோம். துளைபோடும் இரும்பு ராடு மாற்றுகிற நேரத்தில் ஆள் ஒருவன் யாரோ கூப்பிட்டதாக நினைத்துத் திரும்பினான். ராடு சாய்ந்தது. மணியண்ணன் பாய்ந்து தள்ளியிருக்காவிட்டால் அவன் கை நசுங்கியிருக்கும். அன்று வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு மணியண்ணன் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துப் பேசினார்.

"இங்க பாருங்கடா. இன்னைல இருந்து ஒருத்தனும் மொதத் தடவ கூப்புட்டா திரும்பப்படாது. ரெண்டாந்தடவயும் திரும்பப்படாது. மெய்யாலுமே மனுசன் கூப்புட்டா மூணாந்தடவயும் கூப்புடுவான். பேயும் கம்ப்ரசரும் ரெண்டோட நிறுத்திக்கும்."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அதுவே எங்கள் வண்டிகளின் சட்டமாகிவிட்டது. அவசரம் என்றால் மூன்று தடவை தொடர்ந்து கத்த வேண்டும், இல்லாவிட்டால் யாரும் அசைய மாட்டார்கள். மற்ற வண்டிக்காரர்கள் எங்களைச் செவிட்டுக் கூட்டம் என்பார்கள். அதற்குப் பிறகு எங்களிடம் வேலை செய்த ஒருவனுக்கும் ஒரு விரல்கூடப் போகவில்லை. அந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை. கென்யாவில் ஸ்வாஹிலியில் கூடச் சொல்லிக்கொடுத்தேன்.

தனியாகக் கடலோடுபவர்களுக்கும் குரல் கேட்கும். இது எல்லோரும் ஒப்புக்கொள்வது. காற்று கயிற்றில் மோதும், தண்ணீர் அடியில் உரசும், தூக்கம் குறைந்த மூளை அதை மனிதப் பேச்சாக மாற்றும். முதல் நீண்ட பயணத்தில் பலர் பயந்துபோவார்கள். நான் பயப்படவில்லை. என்னிடம்தான் சட்டம் இருந்ததே.

4

போன பங்குனிக் கடைசியில் மாலத்தீவின் தெற்கு முனையிலிருந்து செஷல்ஸுக்கு வந்துகொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் காற்று சுத்தமாக நின்றுபோனது. பூமத்தியரேகைப் பக்கம் அப்படித்தான். கடல் எண்ணெய் ஊற்றிய தோசைக்கல்போல் கிடந்தது. எஞ்சினைப் போட்டுவிட்டு, தேநீர் வைத்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். பட்டப்பகல், மத்தியானம் இரண்டேமுக்கால் மணி.

ரேடியோ எப்போதும் பதினாறாம் எண்ணில் திறந்தே இருக்கும். ஆபத்து அழைப்பு அதில்தான் வரும். உள்ளேயிருந்து கரகரவென்று ஒரு சத்தம். அதன் நடுவில் ஒரு ஆண்குரல்.

"ஏனுங்க, யாராச்சும் கேக்கறீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த இடத்தில் ஆங்கிலம் கேட்கலாம், சிங்களம் கேட்கலாம், மலையாளம்கூடக் கேட்கலாம். நாகப்பட்டினத்து மீனவத் தமிழ் கேட்டிருந்தால்கூட எழுந்திருப்பேன். நாமக்கல் ஜில்லாத் தமிழ் இந்துமாக்கடலின் நடுவில் எப்படி வரும்? எங்கள் ஆட்களுக்குக் கடல் என்றால் ராமேஸ்வரத்தில் முழுக்குப் போடுகிற இடம். படகின் கருவித் திரையைப் பார்த்தேன், சுற்றுவட்டாரத்தில் கப்பல் எதுவும் காட்டவில்லை. அடிவானத்தைச் சுற்றிப் பார்த்தேன், காலி. எஞ்சின்தான் பேசுகிறது என்று முடிவு செய்தேன். தேநீரைக் குடித்தேன்.

மூன்று நான்கு நிமிடம் கழித்து மறுபடியும்.

"ஏனுங்க, யாராச்சும் இருக்கறீங்களா?"

இந்த முறை எழுந்தேன். உள்ளே போனேன். கையை ரேடியோவின் மைக் வரைக்கும் கொண்டுபோனேன். இதை நான் கூட்டவோ குறைக்கவோ இல்லை: என் கை மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எடுத்துப் பேசியிருக்கலாம். குறைந்தபட்சம் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டியிருக்கலாம். நான் இரண்டும் செய்யவில்லை. மூன்றாவது அழைப்புக்காகக் காத்து நின்றேன்.

இருபது நிமிடம் நின்றேன். வரவில்லை. பார்த்தாயா, ரெண்டோடு நின்றுவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். மணியண்ணன் இருந்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார் என்றுகூட நினைத்தேன். ஆறு நாள் கழித்து இங்கே வந்து சேர்ந்து, படிவத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

5

ஆடி மாதத்தில் ஒருநாள் சரசு போனில் சமையல், வாடகை வீட்டுக்காரர், மழை என்று எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னாள்.

"அப்பறம் ஏனுங்க, உங்களாட்டவே ஒருத்தரு கடலுக்குப் போயிருக்காருங்க. நம்ம மோகனூர்க்காரரு. ஆளக் காணமாம். சம்சாரம் ஒரு சின்னப் புள்ளய இழுத்துக்கிட்டுத் திங்கக்கெழம திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனு குடுத்துட்டு நிக்கிதாம். பேப்பர்ல போட்டா போட்டிருந்தாங்க, பாவம்."

அவன் பெயர் சதீஷ். கரும்புக் காட்டில் வேலை செய்த குடும்பம். வெல்டிங் படித்துவிட்டு, ஒரு ஏஜெண்ட் மூலமாகச் சின்ன இழுவைக் கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அந்தக் கப்பலைக் கென்யாவில் புது முதலாளியிடம் ஒப்படைக்க ஆறு பேர் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். வழியில் காணாமல்போய்விட்டது. ஒரு மிதவை வளையம் மட்டும் கிடைத்ததாம்.

"எப்பக் காணம போச்சு?" என்று கேட்டேன்.

"பங்குனி உத்தரத்தன்னைக்குக் கடைசியா ஊட்டுக்குப் பேசினாராம். அதுக்கப்பறம் போனே இல்லீங்களாம். ஏனுங்க? ஏனுங்க, லைன்ல இருக்கறீங்களா?"

இருந்தேன். நான் அந்தக் குரலைக் கேட்டது உத்திரத்துக்கு நான்காம் நாள்.

6

அடுத்த நாள் துறைமுக அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்து கடலோரக் காவல் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு இளம் அதிகாரி, மரியாதையானவர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். படகின் கருவியில் பாதை பதிவாகியிருந்தது, அந்த மத்தியானம் நான் இருந்த இடத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். அதை இழுவைக் கப்பல் போன வழியோடு வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு முதுகை நேராக்கிக்கொண்டார்.

எந்த மொழியில் கேட்டது என்றார். தமிழ். என்ன சொன்னார்? சொன்னேன். ஆபத்து என்ற சொல் இருந்ததா? இல்லை. கப்பலின் பெயர்? இல்லை. ஏன் பதில் பேசவில்லை?

பனமரத்துப்பட்டியையும் கம்ப்ரசரையும் மூன்று தடவைச் சட்டத்தையும் கிரியோல் பேசும் இந்தத் தீவு அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். ஊரில் முப்பது பேரைக் காப்பாற்றிய சட்டம் அந்த மேசைமேல் பைத்தியக்காரத்தனமாகக் கிடந்தது. அவர் பொறுமையாக எழுதிக்கொண்டார். மூழ்கிய கப்பலிலிருந்து மிதவையில் ஏறியவர்களிடம் இருக்கும் சின்னக் கைரேடியோ நாலைந்து மைலுக்குள்தான் எட்டும் என்று அவரே சொன்னார். மிதவையில் இருப்பவர்களை உங்கள் படகிலிருந்து ஒரு மைலுக்கு மேல் கண்ணால் பார்க்க முடியாது என்றும் சொன்னார். இரண்டும் எனக்கு முன்பே தெரியும். தேடல் முடிந்து கோப்பும் மூடியாகிவிட்டது, இதையும் அதில் சேர்த்துவிடுகிறேன் என்றார்.

நித்யாவிடம் சொன்னேன். "அப்பா, நீங்க அதுக்கு முன்னாடி எத்தனை நாளா தூங்கலை?" என்றாள். "தனியா போறவங்க எல்லாருக்கும் இது நடக்கும்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க? இத வெச்சு உங்களையே வருத்திக்காதீங்க. ஒரு கவுன்சிலரப் பாருங்க, நான் லிங்க் அனுப்பறேன்." அனுப்பினாள். என் மகள் கெட்டவள் இல்லை. ஆனால் எனக்கு அவள் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் என்று இருந்தது. அந்த ஆள் யார், எந்த ஊர் என்று அவள் கேட்கவே இல்லை.

அந்த நாட்களில் நான் பதினாறாம் எண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு துறைமுகத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சத்தமே இல்லாத இடத்தைத் தேடித் தொழிலை விட்டு வந்தவன், ஒரு கரகரப்புக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு கிடந்தேன். எஞ்சினைப் போட்டால் அந்தக் குரல் கேட்டது. நிறுத்தினாலும் கேட்டது. எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

7

சதீஷின் மனைவிக்குச் சொல்ல வேண்டும் என்று நான் சொன்னபோது மச்சான் போனிலேயே பதறினார்.

"மாப்ள, நானு சொல்றேன்னு கோவிச்சுக்கப்படாது. அந்தப் புள்ள, புருசன் எங்கயோ ஒரு தீவுல ஒதுங்கியிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டு உசுரக் கையில புடிச்சுட்டு இருக்குது. நீங்க போயி, கூப்புட்டாரு, எனக்குக் கேட்டுச்சு, நானு சும்மா இருந்துட்டேன்னு சொல்லுவீங்களா? உங்க மனசு லேசாகறதுக்கு அது மேல பாரத்தத் தூக்கி வெப்பீங்களா?"

மச்சான் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு மாதம் அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு சரசுதான் ஒருநாள் என்னிடம் சொல்லாமலே நாமக்கல் போய், மோகனூர் டவுன் பஸ் ஏறி, அந்தப் பெண்ணைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தனலட்சுமி, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை. "சொல்லிப்போடுங்க. அந்தப் புள்ள வாரவங்க போறவங்க மூஞ்சியெல்லாம் பாக்குதுங்க" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவள் கடை சாத்திய பிறகு பேசினேன். எதையும் மறைக்கவில்லை. சட்டத்தையும் சொன்னேன், ஒரு சாண் தூரத்தையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"எத்தன மணிங்ணா அப்ப?" என்று கேட்டாள்.

"நம்மூர் நேரத்துக்கு நாலு நாலரை இருக்கும் அம்மணி."

"நாலு மணிக்கு நானு கடையில நின்னுட்டு இருந்தேனுங்ணா" என்றாள். அதையே இன்னொரு முறையும் சொன்னாள். பிறகு, "தமிழ்லயா கூப்புட்டாரு?" என்றாள்.

"ஆமா."

"இங்கிலீசுல கூப்புட்டுக் கூப்புட்டுச் சலிச்சிருப்பாருங்க. நாலு நாளுல்ல?" என்றாள். "எப்புடிக் கூப்புட்டாருன்னு சொல்லிக் காட்டுங்ணா."

சொல்லிக் காட்டினேன். இரண்டு வாக்கியம்.

"அது அவரில்லீங்ணா" என்றாள் உடனே. "அவரு 'ஏனுங்க'ன்னா சித்த இழுப்பாருங்க. இது வேற யாரோ."

நன்றி சொல்லி வைத்துவிட்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நித்யா சொன்னது சரி, எஞ்சின்தான், தூக்கக்குறைவுதான் என்று நினைத்துக்கொண்டேன். அன்று பல நாள் கழித்துச் சோறு வடித்து, கொள்ளு ரசம் வைத்து, வயிறாரச் சாப்பிட்டேன்.

8

அடுத்த வெள்ளிக்கிழமை அவளே கூப்பிட்டாள்.

"யோசிச்சுப் பாத்தேனுங்ணா. நெம்பக் களைச்சுப்போனா அவரு இழுக்கமாட்டாரு. இன்னொருக்கா சொல்லுங்க, மெதுவா."

சொன்னேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் கூப்பிட்டாள். அப்படியே இது தொடர்ந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு, அங்கே ஐந்தரை, போன் வரும். நலமா என்று கேட்பாள், மனு விஷயம் சொல்வாள், ஏஜெண்ட் போனை எடுப்பதில்லை என்பாள். பிறகு, "சொல்லுங்ணா" என்பாள். ஒருநாள், குரல் இன்னும் கொஞ்சம் அடியில் இருக்க வேண்டும் என்றாள். ஒருநாள் 'யாராச்சும்' என்ற இடத்தில் மூச்சு வாங்க வேண்டும், அவருக்குச் சளி சேர்ந்த நெஞ்சு என்றாள். அவள் சொன்னபடியெல்லாம் சொன்னேன். மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் அழுதுகொண்டே, "இன்னைக்கு அவராட்டமே இருந்துச்சுங்ணா" என்றாள்.

சரசுவுக்குக் கோபம். "என்ன கூத்துங்க இது? செத்தவரு மாதிரி பேசிக் காட்டறது? அந்தப் புள்ளைக்கும் நல்லதில்ல, உங்களுக்கும் நல்லதில்ல. நிறுத்திப்போடுங்க" என்கிறாள். அவள் சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது. ஆனால் தனலட்சுமி என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. ஏன் பதில் கொடுக்கவில்லை என்று இன்றுவரைக்கும் கேட்கவில்லை. கேட்பது இந்த ஒன்றைத்தான். அதை எப்படி மறுப்பது?

என் பயம் வேறு. அன்று மத்தியானம் உண்மையில் என்ன கேட்டேன் என்பது என்னிடமிருந்து போய்விட்டது. படகு இருந்த இடத்தை அச்செடுத்துக் காட்ட முடியும். அந்தக் குரலை மீட்டுக் காட்ட முடியாது. இப்போது நினைத்துப் பார்த்தால் இழுப்பும் சளியும் மூச்சுமாக, தனலட்சுமி திருத்திக் கொடுத்த குரல்தான் காதில் வருகிறது. அவளுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது அவளுடைய கணவனின் கடைசிப் பேச்சு. அதை அவளிடமிருந்தே வாங்கி அவளுக்கே கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அது சதீஷ்தானா என்பது எனக்கு இனி எப்போதும் தெரியப்போவதில்லை.

போன வெள்ளிக்கிழமை நான் முடிவு செய்து வைத்திருந்தேன். இதோடு போதும் அம்மணி, எனக்கு அந்தக் குரல் ஞாபகமில்லை என்று உண்மையைச் சொல்லிவிடுவது. போன் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணா, இன்னைக்குப் புள்ளையும் பக்கத்துல இருக்குதுங்க. ஆறு மாசமாக் கேட்டுட்டே இருக்குது. ஒருக்கா அவளுக்கும் சொல்லுங்ணா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கறேன்."

மகள் யாழினிக்கு ஆறு வயது. போனுக்கு மிக அருகில் ஒரு சின்ன மூச்சு கேட்டது. யோசித்து வைத்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இழுத்து, மூச்சு வாங்கி, சொன்னேன்.

"ஏனுங்க... யாராச்சும் கேக்கறீங்களா?"

இரண்டாவதையும் சொன்னேன்.

"ஏனுங்க... யாராச்சும் இருக்கறீங்களா?"

"இருக்கறோமுங்கப்பா!" என்று கத்தியது குழந்தை. "நானும் அம்மாவும் இருக்கறோமுங்கப்பா! சொல்லுங்கப்பா!"

அவள் காத்திருந்தாள். தனலட்சுமியும் காத்திருந்தாள். நான் போனைக் காதில் வைத்தபடி படகில் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் குரல் அதற்குமேல் எதுவும் சொல்லியிருக்கவில்லை.